ஒரே ஆள், ஒரே ஷாட்: பார்த்திபன் ஏன் இப்படியே படம் எடுக்கிறார்? 35 ஆண்டு பயணத்தின் முழு விவரம்

எழுதுவது அவர், இயக்குவது அவர், நடிப்பது அவர், பல நேரம் பணம் போடுவதும் அவரே. தமிழ் சினிமாவில் இந்த நான்கு வேலையையும் 35 ஆண்டுகளாக விடாமல் செய்து வருபவர் இரா.பார்த்திபன். தேசிய விருது உண்டு, பாராட்டு உண்டு. ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் தியேட்டர் கிடைக்குமா, ஷோ கிடைக்குமா என்ற கேள்வி மட்டும் விடுவதே இல்லை. அவருடைய பயணத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கிருந்து தொடங்கியது?

கே.பாக்யராஜிடம் உதவி இயக்குநராக இருந்தவர் பார்த்திபன். பாக்யராஜ், பாரதிராஜாவின் உதவியாளர். கதை, திரைக்கதை, வசனம், இயக்கம், ஹீரோ என எல்லாவற்றையும் ஒருவரே செய்வது பாக்யராஜின் பாணி. அதே வழியில்தான் சிஷ்யரும் வந்தார்.

1989-ல் வெளியான 'புதிய பாதை' முதல் படம். குப்பைத் தொட்டியில் வீசப்பட்டு வளர்ந்த ஒரு ரவுடி, அவனைத் திருத்த நினைக்கும் பெண் (சீதா). சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது. இதில் நடித்த மனோரமாவுக்கு சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதும் வந்தது.

ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்தவனையே கதாநாயகி திருத்தி, அவனோடு வாழ்வதுதான் கதை. அன்று கொண்டாடப்பட்ட இந்தக் கதை இன்று வந்திருந்தால் நிச்சயம் கடுமையான விவாதம் நடந்திருக்கும்.

'ஹவுஸ்ஃபுல்' ஏன் முக்கியம்?

முதல் படம் ஹிட் ஆனால் அதே ரூட்டில் போவதுதான் வழக்கம். பார்த்திபனும் 90-களில் 'உள்ளே வெளியே' போன்ற கமர்ஷியல் படங்கள் எடுத்தார். ஆனால் 1999-ல் வந்த 'ஹவுஸ்ஃபுல்' வேறு மாதிரி.

ஒரு தியேட்டருக்குள் வெடிகுண்டு. உள்ளே நிறைந்த கூட்டம். சொன்னால் நெரிசலில் உயிர் போகும், சொல்லாவிட்டால் குண்டு வெடிக்கும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் குண்டைத் தேட வேண்டும். தியேட்டர் முதலாளியாக வயதான வேடத்தில் பார்த்திபன். இந்தப் படத்துக்கும் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது.

ஒரே இடம், குறைந்த நேரம், ஒரு ஐடியா. பின்னாளில் அவர் எடுத்த பரிசோதனை படங்களுக்கு விதை இங்கேதான் இருக்கு.

நடிகராக எப்படி?

சொந்தப் படம் ஒரு பக்கம் என்றால், மற்றவர்கள் இயக்கத்தில் நடிப்பது இன்னொரு பக்கம். சேரனின் 'பாரதி கண்ணம்மா' (1997), தங்கர் பச்சானின் 'அழகி' (2002), செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) படத்தில் சோழ மன்னன், 'நானும் ரவுடிதான்' (2015) வில்லன், மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படங்களில் சின்னப் பழுவேட்டரையர்.

சுயாதீனமாகப் படம் எடுப்பவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சொந்தப் படம் கையைக் கடித்தாலும் ரசிகர்கள் மறந்துவிடாமல் இருக்க இந்த வேடங்கள்தான் உதவுகின்றன. 2004-ல் வந்த 'குடைக்குள் மழை' புது முயற்சி என்று பேசப்பட்டது, வசூலில் எடுபடவில்லை. 2014-ல் 'கதை திரைக்கதை வசனம் இயக்கம்' மூலம் மீண்டும் கவனம் பெற்றார். 'கதையே இல்லாத படம்' என்று விளம்பரம் செய்து, ஒரு சினிமா கதை எப்படி உருவாகிறது என்பதையே சினிமாவாக எடுத்தார். முக்கிய வேடங்களில் பெரும்பாலும் புதுமுகங்கள்.

'ஒத்த செருப்பு' உலகிலேயே முதலா?

2019-ல் வெளியான 'ஒத்த செருப்பு சைஸ் 7' படத்தில் திரையில் தெரிவது பார்த்திபன் மட்டும்தான். கொலை வழக்கில் விசாரிக்கப்படும் மாசிலாமணி. போலீஸ், மகன், மனைவி எல்லாருமே வெறும் குரல்கள்.

ஒரே நடிகர் படம் இது முதல் முறை இல்லை. இந்தியில் சுனில் தத் 1964-லேயே 'யாதேன்' படத்தை இயக்கி, தனியாக நடித்தார். 'ஒத்த செருப்பு' படத்தின் தனித்தன்மை, அதை எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்தது எல்லாம் ஒரே ஆள் என்பதில் இருக்கு.

ஆள் முகமே தெரியாதபோது அந்த ஆள் இருப்பதை நம்ப வைப்பது ஒலிதான். 67-வது தேசிய விருதுகளில் படத்துக்கு சிறப்பு ஜூரி விருதும், ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்கு விருதும் கிடைத்ததற்கு இதுதான் அர்த்தம்.

'இரவின் நிழல்': கட் இல்லாமல் ஃபிளாஷ்பேக் எப்படி?

2022-ல் வந்த இந்தப் படம் சுமார் ஒன்றரை மணி நேரம், ஒரே ஷாட். கதையோ முன்னும் பின்னுமாக ஓடுகிறது. கட் பண்ணாமல் காலத்தை எப்படி மாற்றுவது?

வழி இதுதான்: வெவ்வேறு காலத்துக்கான செட்களைப் பக்கத்துப் பக்கத்தில் போடுவது. நாயகன் நந்துவின் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு நடிகர். ஆர்தர் வில்சனின் கேமரா ஒரு செட்டிலிருந்து அடுத்த செட்டுக்குள் நுழைந்தால் ஆண்டு மாறிவிடும். யாராவது ஒருவர் தப்பு செய்தாலும் மறுபடி முதலிலிருந்து. தியேட்டரில் முதலில் மேக்கிங் வீடியோ, பிறகு படம் என்று காட்டினார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'மாயவா சாயவா' பாடலுக்காக ஷ்ரேயா கோஷலுக்கு தேசிய விருது வந்தது.

'உலகின் முதல் நான்-லீனியர் சிங்கிள் ஷாட் படம்' என்று விளம்பரம் செய்தது சர்ச்சையானது. ரஷ்யாவின் 'ரஷ்யன் ஆர்க்' (2002) ஒரே ஷாட்டில் சுமார் 300 ஆண்டு வரலாற்றுக்குள் போய்வருகிறது. ஈரானின் 'ஃபிஷ் அண்ட் கேட்' (2013) படமும் ஒரே ஷாட்டில் காலத்தை வளைக்கிறது. 'முதல்' என்ற வார்த்தையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் உழைப்பு குறையவில்லை.

அப்போ பிரச்னை எங்கே?

ரிலீஸில்தான். சிறுவர், சிறுமியரை வைத்து எடுத்த 'டீன்ஸ்' 2024 ஜூலை 12-ல் வந்தது. அதே நாளில் ஷங்கர், கமல்ஹாசனின் 'இந்தியன் 2'. பெரிய படம் வந்தால் நல்ல ஸ்கிரீன், மாலை ஷோ எல்லாம் அதற்குத்தான். சின்னப் படத்துக்கு வாய்மொழி பரவ ஒரு வாரமாவது தேவை. திங்கட்கிழமைக்குள் ஷோவைத் தூக்கிவிட்டால் நல்ல பேச்சு பரவியும் பயன் இல்லை.

ஒரே ஆள், ஒரே அறை என்று எடுத்தால் செலவு குறையும், கால்ஷீட் தொல்லை இல்லை, யாரும் கதையை மாற்றச் சொல்ல முடியாது. ஆனால் ஓப்பனிங் தர ஸ்டார் இல்லை. நஷ்டம் வந்தால் பங்குபோடவும் ஆள் இல்லை. விருது கிடைப்பதோ படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு. 'ஒத்த செருப்பு' 2019 செப்டம்பரில் வந்தது, தேசிய விருது அறிவிப்பு வந்தது 2021 மார்ச்சில்.

அடுத்த முறை பார்த்திபன் படம் வந்தால், பார்க்க நினைப்பவர்கள் முதல் மூன்று நாளிலேயே போய்விடுவது நல்லது. ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், ஷோவை நீட்டிக்கலாமா என்று தியேட்டர்காரர் யோசிக்கும்போது அந்த டிக்கெட் அவர் கணக்கில் இருக்காது.