பன்னாட்டுத் தத்தெடுப்பும் மருத்துவக் காப்பீடும் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில், வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப்படும் குழந்தையைப் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் சேர்ப்பதற்குக் கூட்டாட்சிச் சட்டங்கள் வழிசெய்கின்றன.

1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் காப்பீடு வழங்கும் பணியிடக் குழுத் திட்டங்கள், தத்தெடுப்புக்காக ஒப்படைக்கப்பட்ட, 18 வயது நிறையாத குழந்தையைப் பெற்ற பிள்ளைக்கு இணையாக நடத்த வேண்டும். தத்தெடுக்கும் நோக்குடன் குழந்தையைப் பேணும் சட்டப் பொறுப்பைப் பெற்றோர் ஏற்பதே ஒப்படைப்பு எனப்படும். எனவே தத்தெடுப்பு முழுமையடையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. குழந்தைக்கு முன்பே இருந்த நோயைக் காரணம் காட்டிக் காப்பீட்டைக் குறைக்கவும் இயலாது.

1996 ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டின் எந்நாளிலும் குழந்தையைச் சேர்க்கக் குறைந்தது 30 நாட்கள் அவகாசம் அளிக்கிறது. அதற்குள் விண்ணப்பித்தால், தத்தெடுத்த அல்லது ஒப்படைத்த நாளிலிருந்தே காப்பீடு செல்லுபடியாகும். தவறினால், பொதுவாக அடுத்த ஆண்டுப் பதிவுக் காலம் வரை காத்திருக்க நேரிடும். 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த காப்பீட்டுச் சந்தைகளில் இந்த அவகாசம் 60 நாட்களாகும்.