நம் பம்ப் ரூமும் பம்பாய் பிஞ்சராபோலும்

சென்ற பொதுக்குழுவுக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வடை ஆறிப்போனது, நாய் விவாதம் ஆறவில்லை. மூன்றாம் குறுக்குத் தெருவில் பள்ளி விட்டு வந்த சிறுமியை நாய் கடித்து, நான்கு தவணை ஊசிக்கு அவள் அம்மா அலைந்த அலைச்சல் எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம், "அத்தனையையும் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிட வேண்டும்" என்றார்கள். மறுபக்கம், பத்து வருடமாகச் சோறு வைக்கும் அம்மாக்கள் கண் கலங்கினார்கள். நடுவில் எழுந்த யோசனைதான் பம்ப் ரூம். மோட்டார் எடுக்கப்பட்ட பிறகு சும்மா கிடக்கும் அந்தக் கட்டடத்தையும் அதை ஒட்டிய காலி இடத்தையும் நாய், பூனைகளுக்கான சிறு காப்பிடமாகவும், நாம் உட்கார்ந்து பேசும் இடமாகவும் ஆக்கினால் என்ன?

பொருளாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "குடியிருப்பு நடுவில் இப்படி எங்கேயாவது நடந்திருக்கிறதா சார்? நடந்தது என்றால் நிலைத்ததா?"

நியாயமான கேள்வி. அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததை எழுதுகிறேன். வாக்களிக்கும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கதை பம்பாயில் தொடங்குகிறது. 1832. தெருநாய்களைக் கொல்லக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஏற்கெனவே ஒழுங்குமுறை வைத்திருந்தது. அந்த ஆண்டு வேட்டைக் காலத்தை நீட்டினார்கள். நாய்க்கு எட்டணா சன்மானம். காசு என்றால் கேட்க வேண்டுமா? பிடிப்பவர்கள் வீட்டு வளாகத்துக்குள்ளும் நுழைந்தார்கள், வளர்ப்பு நாய்களையும் விடவில்லை. பார்சிகளுக்கு நாய் வெறும் காவல் பிராணி அல்ல. அவர்களுடைய இறுதிச் சடங்கில் உடலை நாய் பார்க்க வேண்டும் என்ற மரபு உண்டு. ஜூன் 6 அன்று பார்சிக் கூட்டம் நாய் பிடிப்பவர்கள் மேல் பாய்ந்தது. மறுநாள் கடையடைப்பு. சமணரும் இந்துக்களும் சேர்ந்துகொண்டார்கள். கொலாபாவில் இருந்த படைக்கு ரொட்டி போகவில்லை, தண்ணீர் போகவில்லை. ராணுவம் இறங்கியது, கைதுகள் நடந்தன. ஒரு நாய் விவகாரம் ஒரு நகரத்தையே நிறுத்திவைத்தது. நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது ஒன்றுமே இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அடுத்து நடந்ததுதான். இரண்டே ஆண்டில், 1834-ல், பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜிபாயும் சமண வணிகர் மோதிசந்த் அமிசந்தும் சேர்ந்து பம்பாய் பிஞ்சராபோலைத் தொடங்கினார்கள். கொல்லப்படவிருந்த நாய்களுக்கும் கிழடு தட்டிய, ஊனமான பிராணிகளுக்கும் அடைக்கலம். இடம் எங்கே? ஊர்க்கோடியில் இல்லை. பூலேஷ்வரில். மும்பையில் அந்தப் பக்கம் போயிருந்தால் தெரியும்: நம் சௌகார்பேட்டை மாதிரி, தோளோடு தோள் உரசும் சந்தைத் தெருக்கள்.

பணத்துக்கு என்ன செய்தார்கள் என்றால், வணிகர்கள் தங்கள் சரக்கின் மேல் தாங்களே ஒரு சிறு தொகை விதித்துக்கொண்டார்கள். நம் தென்மாவட்டக் கடைக்காரர்கள் இதை மகமை என்பார்கள். அதோடு வளாகத்துக்குச் சொந்தமான கடைகளின் வாடகையும் சேர்ந்தது. வெளியே கடைத்தெரு, உள்ளே தொழுவம். புல்லுக்கட்டு வாங்கிக் கொடுக்கத் தினமும் ஜனம் வரும். இன்று அங்கே இருப்பவை பெரும்பாலும் மாடுகள். தொடங்கி 190 ஆண்டுகள் கடந்தும், மனை விலை தலைசுற்றும் அந்த இடத்தில் அது இன்னும் நிற்கிறது. காரணம் பக்தி மட்டும்தானா? நான் அப்படி நினைக்கவில்லை. தினமும் ஆள் நடமாடும் இடத்தை யாரும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் ஒரு காரணம்.

"போல்" என்ற சொல்லையும் கவனியுங்கள். அகமதாபாத்தின் பழைய நகரத்தில் ஒரே வாசல் வழியாகப் போகும் குடியிருப்புக் கூட்டத்துக்கு போல் என்று பெயர். ஒருவகையில் அந்தக் காலத்து கேட்டட் கம்யூனிட்டி. அங்கே முற்றத்தில் சபூத்ரோ என்று ஒன்று நிற்கும். தூண் மேல் சிறு மண்டபம், அதில் பறவைகளுக்குத் தானியம். அடியில் மேடை. மேலே புறா, கீழே அரட்டை அடிக்கும் பெரியவர்கள். இதற்காக யாரும் ஆர்க்கிடெக்ட் வைத்துத் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

வடக்கே போக வேண்டியதில்லை என்பீர்கள். சரிதான். முப்பத்திரண்டு அறங்கள் என்று நம் பாட்டிகள் சொன்ன பட்டியலில் பசுவுக்கு வாயுறை, விலங்குக்கு உணவு, ஆதீண்டு குற்றி எல்லாம் உண்டு. ஆதீண்டு குற்றி என்பது மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட கல். ஆவுரிஞ்சி என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் இன்றும் இதைப் பார்க்கலாம்: வழிப்போக்கருக்கு மடம், தலைச்சுமையை இறக்க சுமைதாங்கி, மாட்டுக்குத் தண்ணீர்த்தொட்டி, ஆவுரஞ்சிக்கல். மனிதனும் மாடும் ஒரே நிழலில் இளைப்பாறிய இடம். விலங்குக்குத் தனிக் கட்டடம், மனிதனுக்குத் தனிக் கட்டடம் என்று பிரித்தது பிற்பாடுதான்.

இனி, ஊருக்கு வெளியே அனுப்பிய கதை. 1910-ல் இஸ்தான்புல் நிர்வாகம் நகரத்தை நவீனமாக்குவதாகச் சொல்லி, பல்லாயிரம் தெருநாய்களைப் பிடித்து மர்மரா கடலில் உள்ள சிவ்ரியாடா என்ற பாறைத் தீவில் இறக்கியது. உணவில்லை, குடிநீரில்லை. பசியில் அவை ஊளையிட்டது காற்றோடு நகரம் வரை கேட்டதாகச் சொல்வார்கள். "வெளியே ஒரு இடம்" என்று நாம் லேசாகச் சொல்லும்போது, அந்த இடத்தை நாளை யார் போய்ப் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்னையில் தீவு தேவைப்படவில்லை. மாநகராட்சி 19ஆம் நூற்றாண்டிலேயே நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கிவிட்டது. பின்னாளில் அது மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதாக மாறியது. ஊரில் பாதிப் பேருக்கு அந்த நாய் வண்டிதான் தெரியும். வண்டி போய்ச் சேரும் இடம் தெரியாது. 1959-ல் விமானி கேப்டன் வி. சுந்தரமும், அவரைப் போலவே விமானம் ஓட்டியவரான அவர் மனைவி உஷா சுந்தரமும் மழையில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் புளூ கிராஸ். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 1964-லேயே சொன்னார்கள். மாநகராட்சி கொல்வதை நிறுத்தியது 1996-ல். 32 ஆண்டுகள்! புளூ கிராஸ் சொல்லும் கணக்குப்படி, கடைசிக் காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 135 நாய்கள் கொல்லப்பட்டன. அத்தனை கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. ஒரு தெரு காலியானால், குப்பையும் மிச்சச் சோறும் இருக்கும்வரை பக்கத்துத் தெரு நாய் வந்து இடம் பிடிக்கும். வந்த நாய்க்கு ஊசி போட்டிருக்காது. வெறிநோய் பரவாமல் நிற்க நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊசி போட்ட நாயை அப்புறப்படுத்தினால் அந்தச் சதவீதத்தை நாமே குறைத்துக்கொள்கிறோம்.

பிறகு சட்டம் வந்தது. 2001-ல் நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், அவற்றுக்குப் பதிலாக 2023-ல் புதிய விதிகள். அதில் 20ஆம் விதியை நம் சங்கத்தில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? குடியிருப்பில் உள்ள தெரு விலங்குகளுக்கு உணவு வைக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்தின் மேலும் அது வைக்கிறது. இடம் குழந்தைகள் விளையாடும் பகுதி, வாசல், மாடிப்படி ஆகியவற்றை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். நேரமும் குழந்தைகள், முதியவர்கள் நடமாட்டம் பார்த்து முடிவாக வேண்டும். சோறு வைப்பவர் குப்பை போடக் கூடாது.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னதும், 22 அன்று அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் முடிந்தபின் வெறிநோய், மூர்க்கம் உள்ளவை தவிர மற்றவற்றை அதே இடத்தில் விடச் சொன்னதும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நவம்பர் 7 உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றைத் திரும்ப விட வேண்டாம் என்கிறது. ஆக, காப்பகங்கள் வரத்தான் போகின்றன. எங்கே, எப்படிப்பட்டவை என்பதுதான் கேள்வி.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எஃப் பிளாக் நண்பர் கோபித்துக்கொள்வார். சத்தம். இதற்கும் வரலாறு உண்டு. லண்டனில் மேரி டீல்பி 1860-ல் ஹாலோவே பகுதியில் தொடங்கிய நாய் இல்லம், அக்கம்பக்கத்தார் குரைப்புச் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்ன பிறகு, 1871-ல் பேட்டர்ஸீக்கு, ரயில் பாதைகளின் ஓரத்துக்குப் போனது. இன்று உலகப் புகழ் பெற்றது. ஆனால் முதல் சுற்றில் அக்கம்பக்கத்தார்தான் ஜெயித்தார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் 2007-ல் கட்டிய விலங்குக் காப்பகம் இதைக் கட்டட அமைப்பிலேயே தீர்க்கப் பார்த்தது. நாய்க் கூண்டுகள் எல்லாம் உள்முற்றத்தைப் பார்த்திருக்கின்றன. வெளிப்பக்கம் நீள நடைக்கூடம் ஓடுகிறது. அந்த நடைக்கூடமே சத்தத்துக்குச் சுவர்.

நம் பம்ப் ரூமுக்கு இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்? பெரிய காப்பகம் என்ற பேச்சே வேண்டாம். அதற்கு இடமும் இல்லை, சட்டப்படி நம்மால் முடியவும் முடியாது. கருத்தடை அறுவை மாநகராட்சி மையத்தில்தான் நடக்கும். நமக்கு வேண்டியது அடிபட்டவை, குட்டிகள் என்று ஆறேழு பிராணிகள் சில நாள் தங்க ஓர் உள்ளறை. வருடத்துக்கு ஒருமுறை ஊசி முகாம் போட ஒரு தாழ்வாரம். தெருப் பக்கம் திண்ணை, செய்தித்தாள், நம் முடங்கிப்போன நூலக அலமாரி. கூண்டுகளின் கதவு உள்பக்கம், திண்ணை வெளிப்பக்கம், நடுவில் பழைய ஒன்பது அங்குலச் சுவர். சோறு வைக்கும் இடம் பின்புறம், பூங்கா வாசலிலிருந்து தள்ளி, காலை பள்ளி வேன் வரும் முன்.

தரைதான் முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளம் அந்தச் சுவரில் விட்ட கறை இன்னும் இருக்கிறது. தரைமட்டம் அதற்கு மேலே வர வேண்டும். மழையில் மூத்திரம் கலந்த தண்ணீர் தேங்கினால் எலிக்காய்ச்சல் நமக்கும் வரும், நாய்க்கும் வரும். எனவே தரை சாய்வாக, வழவழப்பாக இருந்து, கழுவும் தண்ணீர் நேரே கழிவுநீர்க் குழாயில் விழ வேண்டும், மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகவே கூடாது. கூரைத் தண்ணீர் மட்டும் குழிக்கு. நாய்க் கழிவுக்குத் தனிக் குழி. அதை நம் மாடித்தோட்ட உரத்தில் சேர்க்கக் கூடாது, குடற்புழு முட்டைகள் சாகாமல் இருக்கும். ஏசி தேவையில்லை. எதிரெதிர் ஜன்னலும் ஓட்டுச் சாய்ப்பும் மேற்கே நிற்கும் அந்தப் புங்க மரமும் போதும். மரத்தை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்து வாக்களிப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

செலவுக்கு மெயின்டனன்ஸை உயர்த்த வேண்டாம் என்பது என் கருத்து. பூலேஷ்வர்க்காரர்கள் மாதிரி, தெருப் பக்க மூலையில் இஸ்திரி போடும் அண்ணனுக்கு ஒரு சிறு கடை கட்டி வாடகைக்கு விடலாம். பதினைந்து வருடமாகத் தள்ளுவண்டியில் வெயிலில் நிற்கிறார். காலை முதல் இரவு வரை அங்கே ஒரு ஆள் இருப்பார் என்பது வாடகையைவிடப் பெரிது. மிச்சத்துக்கு, விருப்பமுள்ள வீடுகள் மாதம் ஒரு சிறு மகமை.

கடிபட்ட குழந்தையின் அம்மாவிடம் இந்த வரைபடத்தைக் காட்டினேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "ஊசி போட்ட நாய் எது, போடாதது எது என்று என் பெண் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள முடியுமா?" என்று கேட்டார். கருத்தடை செய்த நாய்க்குக் காதில் வெட்டு அடையாளம் இருக்கும், ஆனால் அது கிட்டப் போனால்தான் தெரியும். அதனால் ஊசி போட்டவற்றுக்குப் பளிச்சென்ற நிறத்தில் கழுத்துப் பட்டையும், திண்ணைச் சுவரில் ஒவ்வொன்றின் படமும் ஊசித் தேதியும் கொண்ட பலகையும் சேர்த்திருக்கிறோம். வரைபடத்தில் அது மட்டும் அவர் யோசனை.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு பம்ப் ரூமில் அளவெடுக்கிறோம். சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது. நீள டேப் வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும். எதிர்ப்பவர்களும் வாருங்கள், குறிப்பாக சுவரை ஒட்டி வீடு உள்ளவர்கள்.