தர்க்கத்தில் இடம்பெறாத கேள்வி: தமிழ்க் கத்தோலிக்க வாதங்களும் சேரியின் சாட்சியமும்



கத்தோலிக்க விசுவாசத்தை எதிர்வாதிகளிடமிருந்து காக்கும் எழுத்து தமிழில் முந்நூறு ஆண்டுப் பழமை உடையது. சீர்திருத்த சபையாரோடு தொடங்கிய அந்தத் தர்க்கம் பின்னால் பகுத்தறிவாளரோடும் நடந்தது. நம் மத்தியில் பூசைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கருப்புச் சட்டைக்காரர்கள் இருக்கிறார்கள், தம்மம் ஏற்றவர்களும் இருக்கிறார்கள். யாருடைய நம்பிக்கை சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்த நினைவுச் சொற்பொழிவின் வேலை அல்ல. அந்தத் தர்க்கங்களில் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதே நம் விசாரணை.

தரங்கம்பாடிக்கு எதிராக

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. ஏற்கெனவே ஒரு நூற்றாண்டாகக் கத்தோலிக்கக் குருக்கள் வேலை செய்துவந்த மண்ணில், எளியவர் கைக்கும் வேதப் புத்தகம் போய்ச் சேரத் தொடங்கியது. இதை எதிர்கொண்டவர்களில் முதன்மையானவர் இயேசு சபைக் குரு பெஸ்கி. வீரமாமுனிவர் என்றால் நமக்குத் தேம்பாவணியும் சதுரகராதியும் நினைவுக்கு வரும். வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தரினத்தியல்பு என்ற அவருடைய தர்க்க நூல்களைப் பாடத்திட்டம் நமக்குக் காட்டியதில்லை. இவற்றில் வேத விளக்கம் 1728இல் எழுதப்பட்டது.

இருதரப்பும் மோதிக்கொண்ட பொருள்கள் தெரிந்தவைதாம். வேதப் புத்தகம் மட்டும் போதுமா, திருச்சபை மரபும் வேண்டுமா? மாதாவையும் புனிதர்களையும் வணங்கலாமா? சுரூபம் வைப்பது சிலை வழிபாடா? பாப்பரசருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழ் கொச்சையானது என்ற ஏளனமும் இதோடு சேர்ந்தது. கத்தோலிக்கத் தரப்பு இன்றுவரை கைவிடாத வாதம் ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு விளக்கம் என்றால் ஆளுக்கு ஒரு சபை முளைக்கும். எங்கள் திருச்சபையோ ஒன்றே, எல்லோருக்கும் பொதுவானது என்பது அது. கத்தோலிக்கம் என்ற சொல்லின் பொருளே பொது என்பதுதான். இந்த வாதத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

எதிரிகள் ஒத்துப்போன இடம்

1606இல் மதுரைக்கு வந்த நொபிலி, உயர்சாதியாரை ஈர்க்கச் சந்நியாசிக் கோலம் பூண்டார், அவர்களுடைய ஆசாரங்களையும் ஏற்றார். 1640 முதல் மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் ஏற்பட்டனர். இந்த ஏற்பாட்டின் விளைவு, மரணப்படுக்கையில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குரு நுழைவதே சிக்கலாயிற்று. ரோமின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையில், அந்த வீடுகளுக்கும் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அப்படிப் போனால் மேல்சாதியார் எங்களை அண்டமாட்டார்கள் என்று மறுமொழி வந்தது. மலபார் சடங்குகள் என்று பேர்பெற்ற அந்த வழக்கு நாற்பதாண்டு நீண்டது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட், பறையருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் யோசனைக்கு இசைந்தார். சாவு வீட்டுக்குக் குரு வந்தார், ஆனால் தீட்டு அப்படியே இருந்தது.

லுத்தரன் தரப்பும் மேலானதாக இல்லை. தஞ்சைப் படையில் சேவகம் செய்த ராஜநாயக்கன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பறையர். அச்சான தமிழ் வேதத்தைப் படித்து, 1720களின் இறுதியில் லுத்தரன் சபைக்குப் போனார், நெடுங்காலம் உபதேசியாராக உழைத்தார். 1733இல் வேளாளரான ஆரோனுக்கு அந்தச் சபையில் குருப்பட்டம் கிடைத்தது. 1741இல் தியோகுவுக்குக் கிடைத்தது. ராஜநாயக்கனுக்குக் கிடைக்கவில்லை. பறையர் கையிலிருந்து நற்கருணை வாங்கச் சாதிக் கிறிஸ்தவர் சம்மதிக்க மாட்டார்கள் என்பதே தடை.

மாதாவைப் பற்றியும் பாப்பரசரைப் பற்றியும் ஓலை ஓலையாக வாதாடிய இருதரப்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. இத்தனைக்கும் நற்கருணையின் மெய்ம்மை குருவின் தகுதியைச் சார்ந்தது அல்ல என்பது அகுஸ்தீன் காலம் தொட்டுக் கத்தோலிக்கம் காத்துவந்த போதனை. பாவியான குருவின் கை நற்கருணையைக் கெடுக்காது என்றால், பறையர் பெற்ற பிள்ளையின் கை மட்டும் எப்படிக் கெடுக்கும்? தர்க்க நூல் எழுதியவர்கள் இந்தக் கேள்வியை எதிர்வாதமாகக்கூடக் கணக்கில் எடுக்கவில்லை.

வடக்கன்குளம் சொன்ன பதில்

1872இல் நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஒரு கோவில் எழும்பியது. பீடத்தில் வந்து சேரும் இரண்டு தனித்தனி நீள்கூடங்கள், நடுவே சுவர். ஒருபக்கம் வேளாளர், முதலியார் தரப்பு, மறுபக்கம் நாடார். திருச்சபை ஒன்றே என்று தரங்கம்பாடியோடு வாதாடியவர்களின் வாரிசுகள் இரண்டு கோவிலை ஒரே கூரையில் கட்டினார்கள்.

1910இல் பங்குக் குரு கௌசானல் அந்தச் சுவரை அகற்றினார். வேளாளர், முதலியார் தரப்பு ஆயர் பார்த் மீது வழக்குத் தொடுத்தது. அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. கோவில் ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்டது, சாதிப்படி இடம் கேட்கும் உரிமை இந்தச் சமயத்தில் கிடையாது என்ற நிலை வென்றது. தமிழ் மண்ணில் கத்தோலிக்க விசுவாசத்துக்காக நடந்த மிகச் சிறந்த வாதம் இதுவே என்று நாம் துணிந்து சொல்வோம். அது லுத்தரன்களுக்கு எதிராகவும் நாத்திகருக்கு எதிராகவும் நடக்கவில்லை, சொந்தச் சாதிக் கிறிஸ்தவருக்கு எதிராக நடந்தது. ஆனால் அந்த வெற்றியும் சேரிக்கு எட்டவில்லை. தனிக் கல்லறையும் தனிச் சப்பரப் பாதையும் பல பங்குகளில் நீடித்தன.

விமர்சகர்களுக்குச் சொன்ன சமாதானம்

1907இல் தொடங்கிய தமது இதழில் அயோத்திதாசப் பண்டிதர், சாதிப் பட்டத்தைப் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்ட கிறிஸ்தவர்களைக் கடுமையாக விமர்சித்தார். 1925க்குப் பின் குடி அரசு அந்த வேலையைத் தொடர்ந்தது. சைமன் குழுவுக்குத் தென்னிந்தியத் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களே மனுக் கொடுத்தார்கள். மதம் மாறிய பின்பும் தீண்டப்படாதவர்களாகவே இருக்கிறோம் என்பது அதன் சாரம். அம்பேத்கர் அதைத் தம் எழுத்தில் எடுத்துவைத்தார்.

இவற்றுக்கெல்லாம் வழக்கமாக வரும் பதில் ஒன்றுதான்: குற்றம் மனிதருடையது, திருச்சபையுடையது அல்ல. தனி மனிதர் பாவத்துக்கு அந்தப் பதில் பொருந்தும். ஒரு குரு பொய் சொன்னால் விசுவாசம் பொய்யாகிவிடாது. ஆனால் சுவர் தனி மனிதர் பாவம் அல்ல. அதற்கு வரைபடம் போட வேண்டும், வரி பிரிக்க வேண்டும், மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும், ஒவ்வொரு ஞாயிறும் அதன் இருபுறமும் ஆட்கள் வந்து உட்கார வேண்டும். இப்படிப்பட்டதைத்தான் சமூகவியல் நிறுவனம் என்கிறது. நிறுவனத்தின் செயலை மனித பலவீனம் என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

மறைத்ததன் விலை

அட்டவணைச் சாதிகள் குறித்த 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களுக்கு மட்டும் அந்த நிலையைக் கொடுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே. செருப்புத் தைக்கும் தொழிலாளியான சூசை தொடுத்த வழக்கில் 1985இல் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே அளவு இழிவும் ஒடுக்குமுறையும் தொடர்கின்றன என்பதை நிறுவும் சான்றுகள் முன்வைக்கப்படவில்லை என்றது.

தோழர்களே, இதை உற்றுக் கவனிக்க வேண்டும். எங்களிடம் சாதி இல்லை என்பது மேடையில் எதிர்வாதியை மடக்க உதவிய வாக்கியம். அதே வாக்கியத்தை அரசு எடுத்துக்கொண்டது: சாதி இல்லை என்றால் உங்களுக்குச் சலுகை எதற்கு? திருச்சபையின் பெருமையைக் காக்க மறைத்த சான்றுதான் சேரிப் பிள்ளைகளின் உரிமைக்கு நீதிமன்றம் கேட்ட சான்று.

நிலைமை அசையவே இல்லை என்று சொல்ல மாட்டோம். 1982இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, கிறிஸ்தவத்தில் சாதிக்கு இடமில்லை என்று அறிவித்தது. 2003இல் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசினார். 2016இல் ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இவை தானாக வந்தவை அல்ல. தலித் கிறிஸ்தவர்கள் கோவிலுக்குள்ளும் தெருவிலும் நடத்திய போராட்டங்கள் இவற்றின் பின்னால் நிற்கின்றன.

நம்மில் விசுவாசிகளாக இருப்பவர்கள் தங்கள் நம்பிக்கைக்காக வாதாடட்டும், அது அவர்கள் உரிமை. நாத்திகரின் கேள்விக்கும் பிற சபையாரின் கேள்விக்கும் பதில் சொல்லட்டும். ஆனால் ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பட்டத்திலிருந்து தொடங்கட்டும். மாணவர்களுக்கு ஒரு வேலை வைக்கிறோம். உங்கள் பங்கின் கல்லறை எத்தனை பகுதியாக இருக்கிறது, சப்பரம் எந்தத் தெருவோடு திரும்புகிறது, திருவிழா வரி யாரிடம் வாங்குவதில்லை, பங்குப் பேரவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதி எடுங்கள். தேதியோடு எழுதுங்கள், படத்தோடு எழுதுங்கள். 1985இல் நீதிமன்றம் கேட்டும் கிடைக்காத சான்று உங்கள் நோட்டுப் புத்தகங்களில் சேரட்டும்.