நிலக்கரி சுமந்த திமிங்கிலக் கப்பல்

போர்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பீரங்கி சுமந்த கப்பலின் பெயரைப் பாடநூல் கூறும். அதற்கு நிலக்கரி கொண்டு சென்ற கப்பலைக் கூறாது. 'சாள்ஸ் பெல்ப்ஸ்' அவ்வாறு மறக்கப்பட்டவற்றுள் ஒன்று.

1842இல் அமெரிக்காவின் றோட் ஐலண்டில் கட்டப்பட்ட இப்பாய்க்கப்பல் திமிங்கில வேட்டையில் ஈடுபட்டது. திமிங்கில எண்ணெய் அன்று நகரங்களின் விளக்குகளை எரித்தது. ஆனால் அதற்காக ஆண்டுக்கணக்கில் கடலில் உழன்ற மாலுமிக்கு மாதச் சம்பளம் இல்லை. வேட்டை வருவாயில் ஒரு சிறு பங்கே கூலி. முன்பணமும் உடைக்கடனும் அதிலும் கழிக்கப்பட்டன.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை உழைப்பில் விளைந்த பருத்தி கடல்கடந்து விலையாகாதவாறு, தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட லிங்கன் ஆணையிட்டார். ஏறத்தாழ 3,500 மைல் நீளமான கரையைக் காவல்செய்த நீராவிக் கப்பல்கள் நிலக்கரியின்றி அசையமாட்டா. ஆகவே கடற்படை சாள்ஸ் பெல்ப்ஸை அவ்வாண்டே வாங்கி, வட அத்திலாந்திக் முற்றுகைப் பிரிவுக்கு நிலக்கரி வழங்கும் பணியில் அமர்த்தியது. காற்றை நம்பிய பழைய கப்பல், காற்றை வென்ற புதிய கப்பல்களுக்கு இரையூட்டிற்று!

நிலக்கரி தானாகக் கப்பல் மாறுவதில்லை. மனிதர் அதை அள்ளிச் சுமத்தல் வேண்டும். அப்பிரிவு நிலைகொண்ட வேர்ஜீனியாக் கரையில், மன்றோ கோட்டையை நாடி அடிமைகள் பலர் தப்பி வந்தனர். அத்தகையோரைக் கடற்படையிற் சேர்க்க 1861 செப்டெம்பரில் அமைச்சர் வெல்ஸ் அனுமதியளித்தார். ஆனால் வளர்ந்த ஆண்மகனுக்கும் 'பையன்' என்ற கடைநிலைப் பதவியே. மாதம் 10 டொலர், நாளுக்கு ஒருவர் உணவு. இவ்வரம்பு பின்னர் தளர்ந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 18,000 கறுப்பின மக்கள் கடற்படையிற் பணியாற்றினர். கரி அள்ளுவதும் உலை எரிப்பதும் அவர்களிற் பலருக்கு வாய்த்த வேலைகள். விடுதலை மேலிருந்து வழங்கப்பட்ட கொடை என்போர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

போரின் பின் விற்கப்பட்ட கப்பல், 'புறோகிறெஸ்' என்ற பெயருடன் மீண்டும் வேட்டைக்குச் சென்றது. முன்னேற்றம் என்பதே அதன் பொருள். 1871இல் அலாஸ்காவின் வடகரையில் முப்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் பனிக்கட்டியிற் சிக்கிக் கைவிடப்பட்டன. 1,219 பேரை ஏழு கப்பல்கள் காப்பாற்றின. அவற்றுள் புறோகிறெஸ் ஏற்றியது 221 பேரை. ஓர் உயிரும் இழக்கப்படவில்லை.

1893இல் சிக்காகோ உலகப் பொருட்காட்சியில் அது வேடிக்கைப் பொருளாக நிறுத்தப்பட்டது. மக்கள் பார்த்தது மரக்கலத்தை மட்டுமே. அதனை இயக்கிய கரங்களைக் காட்டுவதற்கு எந்தப் பொருட்காட்சியும் வேண்டியதில்லை. நேர்மையாக எழுதப்படும் வரலாறு போதும்.