தலை போனாலும் உயிர் போகாத மடிக்கணினி

மடிக்கணினி கீழே விழுந்து திரை நொறுங்கிவிட்டால், "அவ்வளவுதான், இனி இது குப்பைக்குத்தான்" என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் திரை வேறு, கணினி வேறு. இரண்டும் தனித்தனியாக இருந்து பிற்பாடு ஒன்றாகச் சேர்ந்தவை. அந்தக் கதை தெரிந்தால், உடைந்த திரையைக் கழற்றிவிட்டு வெளி மானிட்டரில் வேலை பார்ப்பது எப்படிச் சாத்தியமாகிறது என்பதும் விளங்கிவிடும்.

தொடக்க கால வீட்டுக் கணினிகள் பலவற்றில் திரையே கிடையாது. 1982ல் வந்த கமடோர் 64 பார்ப்பதற்குத் தடித்த விசைப்பலகை போல இருக்கும். கணினி முழுவதும் அதற்குள்ளேயே அடக்கம். படம் பார்க்க வீட்டிலுள்ள டிவியில் இணைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

திரையையும் சேர்த்துத் தூக்கிச் செல்லும் கணினியை 1981ல் விற்பனைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டவர் ஆடம் ஆஸ்போர்ன். பாங்காக்கில் பிறந்து, சிறு வயதைத் திருவண்ணாமலையில் கழித்து, 2003ல் கொடைக்கானலில் காலமானவர் இவர். இவருடைய ஆஸ்போர்ன் 1 கணினியின் எடை சுமார் 11 கிலோ, விலை 1795 டாலர். திரையோ வெறும் 5 அங்குலம்! ஒரு வரியில் 52 எழுத்துகள்தான் தெரியும். அதனால் வெளி மானிட்டரை இணைக்கவும் அதில் வழி வைத்திருந்தார்கள். அதாவது, கையில் தூக்கும் கணினி பிறந்தபோதே வெளித்திரைக்கான வாசலும் கூடவே பிறந்துவிட்டது.

1982ல் பில் மாக்ரிட்ஜ் வடிவமைத்த கிரிட் காம்பஸ் வந்தது. திரை மூடி போல மடிந்து விசைப்பலகையின் மேல் படிந்தது. இன்றைய மடிக்கணினியின் உருவம் அதிலிருந்து வந்ததுதான். 1987ல் ஐ.பி.எம். நிறுவனம் பி.எஸ்/2 கணினிகளோடு 15 ஊசி கொண்ட விஜிஏ இணைப்பை அறிமுகப்படுத்தியது. பின்னாளில் மடிக்கணினிகளிலும் அது வழக்கமானது. புரொஜெக்டரில் படம் காட்டத்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது. ஆனால் திரை உடைந்தவர்களுக்கு அதுவே உயிர் காத்தது.

1992ல் ஆப்பிள் இன்னொரு படி மேலே போனது. பவர்புக் டுவோ என்ற மடிக்கணினியை மூடி, வீடியோ கேசட்டைச் செருகுவது போல ஒரு பெட்டிக்குள் செருகினால் அது மேசைக் கணினியாகிவிடும். சொந்தத் திரை மூடியே கிடக்கும், வேலையெல்லாம் வெளி மானிட்டரில் நடக்கும்.

காரணம் எளிது. படத்தை உருவாக்கும் சில்லு திரையில் இல்லை. விசைப்பலகைக்கு அடியில், மதர்போர்டில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கேபிள் கீல் வழியாகத் திரைக்குப் போகிறது, இன்னொரு பாதை வெளி இணைப்புக்குப் போகிறது. ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்பதில்லை.

ஆனாலும் அவசரப்பட்டுக் கழற்றக்கூடாது. முதலில் வெளி மானிட்டரை இணைத்து, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, படம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் இயங்குதளம் ஏறிய பிறகுதான் படம் வரும். கழற்றும்போது மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டிக்க வேண்டும். பழைய மடிக்கணினிகளின் திரையில் சிறிய குழல்விளக்கு ஒன்று இருக்கும். அதை எரிய வைக்கும் இன்வெர்ட்டரில் பல நூறு வோல்ட் ஓடும். பல மடிக்கணினிகளில் வைஃபை ஆன்டெனாவும் திரையைச் சுற்றித்தான் இருக்கிறது. அதைத் தூக்கி எறிந்தால் இணையத் தொடர்பு பலவீனமாகிவிடும். கேமராவும் திரையோடு போய்விடும்.

விஜிஏவின் காலம் பெரும்பாலும் முடிந்து, எச்டிஎம்ஐயும் யுஎஸ்பி-சியும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் வாசல் அடைபடவில்லை. 2020ல் வந்த ராஸ்பெரி பை 400 விசைப்பலகைக்குள் அடங்கிய கணினிதான், கமடோர் 64 போலவே. அதைப் புதிதாக விலை கொடுத்து வாங்குகிறார்கள். திரை கழற்றிய மடிக்கணினியும் அதே உருவம்தானே? அதைக் குப்பையில் போடுவானேன்!