முத்திரையாகிப்போன மன்னர்

முடியாட்சி பற்றிப் பேசும்போது நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது படை, கொடி, வெற்றி ஆகியவைதான். இன்று நான் பேச வந்திருப்பது, தம் கையெழுத்தைக்கூடக் காப்பாற்ற முடியாத ஒரு மன்னரைப் பற்றி. அவர் பெயர் அடால்ஃப் ஃபிரெட்ரிக். 1751 முதல் 1771 வரை சுவீடனை ஆண்டவர். இல்லை, அரியணையில் அமர்ந்திருந்தவர் என்பதே பொருத்தம்.

1710இல் வட ஜெர்மனியின் கொட்டோர்பில் பிறந்தவர் இவர். ரஷ்யாவிடம் போரில் தோற்ற சுவீடன், 1743இல் அமைதி பேசியது. தனக்கு வேண்டிய இவரைப் பட்டத்து இளவரசராக ஏற்றால், பிடித்த பின்லாந்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதாக ரஷ்யப் பேரரசி எலிசபெத் சொன்னார். சுவீடன் இணங்கியது. ஆக, இவருக்குக் கிடைத்த மகுடமே ஒரு பேரத்தில் வந்ததுதான்.

அப்போது சுவீடனில் நடந்தது 'சுதந்திரக் காலம்'. 12ஆம் சார்லஸ் மன்னரின் தொடர் போர்களால் நொந்துபோன நாடு, அவர் இறந்த பிறகு 1719இல் மன்னரின் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டது. பிரபுக்கள், குருமார், நகரத்தார், விவசாயிகள் என நான்கு பிரிவினர் அமர்ந்த ரிக்ஸ்டாக் நாடாளுமன்றமே எல்லாவற்றையும் முடிவு செய்தது. அரசவையில் மன்னருக்கு இருந்தவை 2 வாக்குகள் மட்டுமே.

மன்னர் சாதுவானவர். கடைசல் இயந்திரத்தில் பொடி டப்பி செய்வது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால் அரசியார் லுவீசா உல்ரிகா அப்படியல்லர். பிரஷ்யாவின் மகா ஃபிரெட்ரிக்கின் தங்கை அவர். 1756 ஜூனில் அரண்மனைத் தரப்பு ஆட்சியைக் கைப்பற்றத் திட்டமிட்டது. விஷயம் முன்கூட்டியே கசிந்தது. எரிக் பிராஹே என்ற பிரபுவும் வேறு சிலரும் மரண தண்டனைக்கு ஆளானார்கள். மன்னர் தப்பினார், தம்மை நம்பியவர்களைக் காப்பாற்ற அவரால் இயலவில்லை.

அதே ஆண்டில் இன்னொரு முடிவும் வந்தது. மன்னர் கையெழுத்திட மறுத்தால், அவர் பெயர் பொறித்த முத்திரையை அரசவையே குத்திக்கொள்ளலாம்! சற்று யோசித்துப் பாருங்கள். மன்னர் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் ஒன்றுதான்.

இருந்தும் ஒரே ஒருமுறை அவர் நிமிர்ந்து நின்றார். 1768இல் பொருளாதார நெருக்கடி முற்றியது. நாடாளுமன்றத்தைக் கூட்டுங்கள் என்று கேட்டார். அரசவை மறுத்தது. டிசம்பர் 15ஆம் தேதி, "ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், என் முத்திரையைப் பயன்படுத்தக் கூடாது" என்ற பொருளில் அறிவித்துவிட்டார். அரசாங்க அலுவலகங்கள் மன்னர் இல்லாமல் இயங்க மறுத்தன. ஆறே நாளில் அரசவை பணிந்தது. 1769இல் நாடாளுமன்றம் கூடியது. ஆனாலும் அவரது அதிகாரம் கூடவில்லை.

1771 பிப்ரவரி 12ஆம் தேதி, வயிறார விருந்து உண்டபின் மன்னர் மறைந்தார். கடைசியாகச் சாப்பிட்ட பால் ரொட்டி பற்றிய கதையைத்தான் உலகம் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறது. ஆனால் அவர் காலத்தில்தான், 1766இல், பத்திரிகைச் சுதந்திரத்துக்கு உலகின் முதல் சட்டம் சுவீடனில் வந்தது என்பதைப் பலரும் சொல்வதில்லை.

அடுத்து வந்த மகன் 3ஆம் குஸ்தாவ் பலசாலி. 1772இல் இரத்தம் சிந்தாமலே அதிகாரத்தைக் கைப்பற்றினார். அந்தப் பத்திரிகைச் சுதந்திரத்தையும் சுருக்கினார். 1792இல் முகமூடி விருந்தில் சுடப்பட்டு உயிரிழந்தார்.

நேயர்களே, பலவீனமான மன்னர் என்று தந்தையை எளிதாக எள்ளிவிடலாம். ஆனால் அவர் பலவீனமாக இருந்தபோது மக்கள் பேசினார்கள், எழுதினார்கள். மகன் பலம் பெற்றபோது அந்தக் குரல் தாழ்ந்தது. ஒரு நாட்டுக்குத் தேவை பலமான மன்னரா, பலமான சட்டமா? வீட்டில் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.