பழைய கோல்ஃப் களங்களின் மீட்பு

மரமும் தெளிப்பு நீரும் காலப்போக்கில் மூடிவிட்ட ஒரு பழைய கோல்ஃப் களத்தை, அதை வகுத்தவர் விட்டுச்சென்ற நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவது களமீட்பு எனப்படும். களத்தைப் புதுப்பிப்பவர் இன்றைய ஆட்டக்காரருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பார். மீட்பவரோ பழைய வான்படத்தையும் வரைபடத்தையும் விரித்து வைத்துக்கொண்டு, மண்ணைக் கிளறி, காணாமற்போன மேட்டையும் பள்ளத்தையும் தேடுவார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடந்த முப்பது ஆண்டுகளில் இது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

கோல்ஃப் பிறந்த நிலம் எப்படிப்பட்டது என்பதைத் தூத்துக்குடிப் பக்கத்துக் கீழவைப்பார்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கோல்ஃப் களம் கிடையாது. ஆனால் நிலத்தின் சாயல் உண்டு. வைப்பாறு கடலில் சேரும் அந்தப் பக்கத்துக் கரைகளில், அலைக்கும் பனங்காட்டுக்கும் நடுவே உழவுக்கு உதவாத மணல்வெளி கிடக்கிறது. அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பறக்கிற மணலைப் பிடித்து வைக்கும். ஸ்காட்லாந்துக் கரையில் அந்த வேலையைச் செய்வது மாரம் என்னும் புல். ஏர் பிடிக்க முடியாத அந்த மணலில் ஆடு மேய்ந்தது. ஆடு கடித்துக் குட்டையான புல்லில் பந்து உருண்டது. காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துக் குழித்த இடங்களே பின்னாளில் பங்கர் எனும் மணற்குழிகள் ஆயின என்பது அங்கத்திய வழக்கு. ஆக, முதல் களங்களை யாரும் கட்டவில்லை. நிலம் ஏற்கெனவே அப்படிக் கிடந்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் களத்தில் ஒரு சுற்றுக்கு 22 குழி என்றிருந்ததை 1764இல் 18 ஆகக் குறைத்தார்கள். உலகம் முழுவதும் இன்று 18 குழி ஆடுவது அதனால்தான். முதல் ஓப்பன் போட்டி 1860இல் பிரஸ்ட்விக்கில் நடந்தபோது அங்கிருந்தவை 12 குழிகளே. அந்தக் களத்தைப் பராமரித்தவர் டாம் மோரிஸ் (1821–1908). பின்பு செயின்ட் ஆண்ட்ரூஸுக்குத் திரும்பிய அவரிடம் தொழில் பழகியவர்களில் ஒருவர் டார்னக் ஊர்க்காரரான டொனால்ட் ராஸ். 1899இல் அமெரிக்கா போன ராஸ், 1948இல் இறக்கும்வரை நூற்றுக்கணக்கான களங்களை வகுத்தார். மீட்பாளர்கள் பொற்காலம் என்று கொண்டாடுவது, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட அந்தத் தலைமுறையின் வேலையைத்தான்.

பிறகு நடந்தது மெதுவான சீரழிவு. 1930களின் பொருளாதாரப் பெருவீழ்ச்சியிலும் அடுத்து வந்த போரிலும் பராமரிக்க ஆளும் பணமும் இல்லாமல் பங்கர்களைத் தூர்த்தார்கள். போருக்குப் பின், அழகுக்கென்று, ஃபேர்வே எனும் ஆட்டப்பாதையின் இருபுறமும் மரம் நட்டார்கள். அவை வளர்ந்து காற்றையும் வெயிலையும் மறித்தன. புல் வெட்டும் இயந்திரம் ஓரங்களில் வளைந்து திரும்பத் திரும்ப, குழியைச் சுற்றிய குறும்புல் தரையான கிரீன்கள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வட்டமாயின. தெளிப்பு நீர் வந்தபின் எங்கும் ஒரே பச்சை. வண்ணத் தொலைக்காட்சி வந்து, பச்சையாக இருந்தால்தான் நல்ல களம் என்ற எண்ணத்தை ஊன்றிவிட்டது. கேட்டைச் செய்தவர்கள் எல்லாரும் களத்தை நேசித்தவர்களே என்பதுதான் இதில் வருத்தமான செய்தி.

மீட்பு எப்படி நடக்கிறது என்பதற்கு வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் களத்தைவிட நல்ல சான்று இல்லை. 1907இல் ராஸ் அமைத்த இந்தக் களம் கடலிலிருந்து தள்ளியிருந்தாலும், காலடியில் இருப்பது மணல். 1930களின் நடுப்பகுதிவரை இதன் கிரீன்களே மணலால் ஆனவை. அதன் பிறகே பெர்முடா புல், அதாவது நம்மூர் அறுகம்புல் இனம், போடப்பட்டது. 2010இல் களவடிவமைப்பாளர்களான பில் கூர், பென் கிரென்ஷா இருவரிடமும் களம் ஒப்படைக்கப்பட்டது. கிரென்ஷா இருமுறை மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற ஆட்டக்காரர். 1943இல் எடுத்த வான்படங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. பழைய தண்ணீர்க் குழாய் ஒவ்வொரு ஃபேர்வேயின் நடுவிலும் ஒற்றை வரிசையாக ஓடியிருந்தது. அந்தக் குழாயின் தடத்தைப் பிடித்தே பழைய ஃபேர்வே எங்கே வளைந்தது என்று கண்டுகொண்டார்கள். ஏறக்குறைய 1,150 தெளிப்பான்கள் இருந்த இடத்தில் 450 மட்டும் மிஞ்சின. முப்பது ஏக்கருக்கும் மேல் புல்லை உரித்தெடுத்துவிட்டு, வெறும் மணலும் அந்த மண்ணுக்கே உரிய கம்பிப்புல்லும் பைன் சருகும் கிடக்க விட்டார்கள். ஒழுங்காக வளர்த்த நெடும்புல் விளிம்பு இப்போது அங்கே இல்லவே இல்லை.

இத்தகைய களத்தில் ஆடும் முறையே மாறிவிடுகிறது. ஃபேர்வே அகலம்; பந்தைத் தொலைப்பது கடினம். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து கிரீனை அணுகுவது என்று முதல் அடியிலேயே முடிவு செய்ய வேண்டும். தரை இறுகியிருப்பதால் பந்து விழுந்த பிறகும் வெகுதூரம் ஓடும். அந்த ஓட்டத்தைக் கணிப்பதே திறமை. பைன்ஹர்ஸ்ட் கிரீன்கள் ஆமை முதுகைப் போன்றவை: நடுவில் விழாத பந்து ஓரத்தில் வழுக்கிப் பள்ளத்துக்கு இறங்கிவிடும். இறங்கிய பந்தைத் தூக்கி அடிப்பதா, உருட்டி ஏற்றுவதா? 2014 யூ.எஸ். ஓப்பனில் ஜெர்மனியின் மார்ட்டின் கைமர் கிரீனுக்கு வெளியிலிருந்தும் பட்டர் எனும் உருட்டுமட்டையால் உருட்டி ஏற்றி, எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். அடுத்த வாரமே பெண்களுக்கான ஓப்பனும் அங்கேயே நடந்தது. மிஷெல் வீ வென்றார். 2024 யூ.எஸ். ஓப்பனில் பிரைசன் டிஷாம்போ கடைசிக் குழியில் அடித்த முதல் பந்து, மீட்பில் திரும்ப வந்த அந்தத் தரிசு மணலில், மரக்கிளைக்கடியில் போய் நின்றது. அங்கிருந்து பங்கருக்குப் போய், பங்கரிலிருந்து 55 கெஜம் தள்ளியிருந்த குழிக்கு அருகே பந்தைக் கொண்டுவந்து, ஒரே அடி முன்னிலையில் கோப்பையை எடுத்தார். சீரான புல்லில் நின்றிருந்தால் அது சாதாரண அடி. 2014இல் களம் பழுப்பாக இருக்கிறதே என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தப் பழுப்புதான் ராஸின் நிறம்.

ஸ்காட்லாந்தின் சவுத் யூயிஸ்ட் தீவில் உள்ள அஸ்கெர்னிஷ் களம் வேறு வகை. 1891இல் டாம் மோரிஸ் வகுத்த அது, பின்னாளில் பெரும்பகுதி மணலுக்குள் மறைந்தே போனது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்குன்றுகளுக்கிடையே குழிகள் இருந்திருக்கக்கூடிய இடங்களைத் தேடிக் கண்டு, கனரக இயந்திரம் இல்லாமலும் பூச்சிமருந்து இல்லாமலும் மீட்டு, 2008இல் திறந்தார்கள். அந்த மணல்வெளி ஊர் மேய்ச்சல் நிலமும் ஆகும். தங்கள் மேய்ச்சல் உரிமை போய்விடும் என்று சிறுவிவசாயிகள் சிலர் எதிர்த்து வழக்குக்குப் போனார்கள். நியாயமான அச்சம்தான், கரையோரப் புறம்போக்கை நம்பி ஆடுமாடு வளர்க்கும் எவருக்கும் அது விளங்கும். அங்கே கால்நடைகள் இன்றும் களத்தில் மேய்கின்றன.

பென்சில்வேனியாவின் ஓக்மான்ட் கழகம் 1990களில் தன் களத்து மரங்களை வெட்டத் தொடங்கியது. உறுப்பினர்கள் எதிர்ப்பார்கள் என்று விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் வெட்டினார்கள். நியூயார்க்கின் லிடோ களம் இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்குப் போய் அழிந்தது. பழைய படங்களைக் கொண்டு களவடிவமைப்பாளர் டாம் டோக் 2023இல் விஸ்கான்சினில் அதை மறுபடி கட்டினார். வியக்கத்தக்க வேலை, ஆனால் நிலமே வேறு என்பதால் அதை மீட்பு என்று கொள்ள இயலாது.

நம் பக்கத்து வரலாறு பழையது. கல்கத்தாவில் 1829இல் தொடங்கிய கழகம் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது. பெங்களூர் 1876. கொழும்பு 1879. தூத்துக்குடிக்கு ரயில் வந்தபின், 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். அவர்கள் போய் இறங்கிய கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது காலிமுகத்திடல். கொழும்புக் கழகம் முதலில் ஆடியது கடலோரத் திறந்தவெளியான அந்தத் திடலில். 1896இல் பொரளைக்கு மாறி, ஆளுநர் ரிஜ்வேயின் பெயரைக் களத்துக்கு இட்டது. 1928இல் ராயல் பட்டம் பெற்றது. களனிவெளி ரயில் பாதை இன்றும் களத்தின் ஊடே போகிறது. மலையகத்தில் நுவரெலியா 1889, இந்தப் பக்கம் கொடைக்கானல் 1895. பழைய களங்களில் பை சுமந்த கேடிகள் பலர் ஆட்டத்தைப் பார்த்தே கற்றவர்கள். அப்படிக் கேடியாக இருந்த பெங்களூரின் சி. முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பனை வென்றார்.

புல் பிடிக்காத வறண்ட ஊர்களில் கிரீனுக்குப் பதில் பிரவுன் இருந்தது: மணலில் எண்ணெய் கலந்து உருட்டி இறுக்கிய வட்டம். ஆடி முடித்ததும் காலடித் தடம் போக இழுத்துச் சமன் செய்துவிட்டுப் போவார்கள். பைன்ஹர்ஸ்டும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது என்பதால், இந்தியக் களம் எதுவும் உண்மையாக மீட்கப்படுமானால் ஒரு பிரவுனையாவது திரும்ப வைப்பதே முறை. இதுவரை இங்கே நடந்தவை பெரும்பாலும் மறுவடிவமைப்புகள். லோதி காலச் சின்னங்கள் நிற்கும் டெல்லி களத்தை 1970களில் பீட்டர் தாம்சனும், 2019இல் திறந்த வடிவத்தில் கேரி பிளேயரும் மாற்றியமைத்தார்கள்.

சென்னையில் நிலைமை வேறு. ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் களம் கிண்டியில் குதிரைப் பந்தய ஓடுபாதைக்கு நடுவே இருந்தது. அந்த ஓடுபாதையை நடத்திய ரேஸ் கிளப்புக்கு 1945இல் 99 ஆண்டுக்குக் குத்தகைக்கு விட்ட சுமார் 160 ஏக்கரைத் தமிழக அரசு 2024 செப்டம்பரில் திரும்ப எடுத்தது. வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தாங்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன; வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின.